வாயில் ட்ரே இருந்த இரண்டு மணி நேரம்

அன்பு மகன் ஜெரோமுக்கு,

நான் கோபத்தில்தான் உன் போனை எடுக்கவில்லை என்று ஸ்டெல்லா உன்னிடம் சொல்லியிருக்கிறாள். அது தவறு. சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா, டீச்சர் கட்டுப்பல் வைத்துக்கொண்டார் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதுவும் தவறு. என் வாயில் இருப்பவை என் சொந்தப் பற்கள். கடைவாயில் இரண்டு இல்லை, மற்றவை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. இந்த இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றேதான் என்பதால், ஒரே கடிதத்தில் இரண்டையும் திருத்திவிட உட்கார்ந்திருக்கிறேன். திருத்த வேண்டியது மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. அது ஊரார் சொன்னதல்ல, நான் சொன்னது. முப்பது வருடங்களாகத் திருத்தாமல் விட்டது. அதைக் கடைசியில் எழுதுகிறேன். நீ அவசரக்காரன், கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுவாய். தயவுசெய்து வரிசையாக வாசி.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு நீ முதல் முறை அழைத்தாய். போன் சாப்பாட்டு மேசையில் இருந்தது, நான் அதன் முன்னால் நாற்காலியில் இருந்தேன். திரையில் உன் படம் வந்தது. வாயை மூடிக்கொண்டு நிற்கும் அந்தப் படம்தான். போன் அடித்து ஓய்ந்தது. ஐந்து நிமிடத்தில் மறுபடி அடித்தது. மூன்றாவது முறையும் அடித்தது. நான் எடுக்கவில்லை, ஏனென்றால் என் மேல் பல்வரிசையிலும் கீழ் பல்வரிசையிலும் இரண்டு ட்ரேக்கள் மாட்டியிருந்தன. பற்களை வெண்மையாக்கும் ஜெல் அவற்றுக்குள் இருந்தது. இரண்டு மணி முதல் நான்கு மணி வரை அவற்றைக் கழற்றக்கூடாது என்று பல் டொக்டர் சொல்லியிருந்தார். அவற்றோடு பேசினால் ச-வும் த-வும் குழறும். உன்னிடம் நான் ஒருநாளும் குழறிப் பேசியதில்லை. நான்கு மணிக்குக் கழற்றினேன், வாயைக் கொப்பளித்தேன், தலைமுடியைக் கூடச் சரிசெய்துகொண்டு போனின் முன் வந்து உட்கார்ந்தேன். நீ நான்காவது முறை அழைக்கவில்லை. நானாக உன்னை அழைத்திருக்கலாம். எண் எனக்குத் தெரியாததா? ஆனால் கல்யாணத் தேதியைக் குறித்த பிறகுதான் எனக்குச் சொன்னவன் நீ, ஆகவே நீதான் அழைக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். அந்த அளவுக்கு ஸ்டெல்லா சொன்னது சரிதான். அதற்கு மேல் இல்லை.

ஸ்டெல்லாவையும் குறை சொல்ல முடியாது. நீ பயந்துபோய் அவளுக்கு அழைத்து, அம்மாவைப் பார்த்துவரச் சொல்லியிருக்கிறாய். பக்கத்து வீட்டில் இருக்கிறாள், ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள், கண்ணில் பட்டதை அப்படியே சொல்லும் பிள்ளை. வந்து ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். நான் வாயைத் திறக்காமல், பிறகு வா என்று கையை அசைத்தேன். அவள் அதைப் போ என்று எடுத்துக்கொண்டாள். படியில் நின்றபடியே போனில் உன்னிடம் அவள் சொன்னது எனக்கு உள்ளே தெளிவாகக் கேட்டது. "டீச்சர் நல்லாத்தான் இருக்காங்க தம்பி. போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. எடுக்க மாட்டேங்கிறாங்க. என்னையும் போகச் சொல்லிட்டாங்க. கோவம் போல." நீ என்ன பதில் சொன்னாய் என்பதை மறுநாள் அவள் வந்து சொன்னாள். "அப்ப வற்புறுத்தாதீங்க அக்கா. அம்மாவுக்கு விருப்பம் இல்லாட்டி கல்யாணத்துக்கு வர வேணாம்." இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் கல்யாணத்துக்காகத்தான் அந்த ட்ரேக்களை மாட்டிக்கொண்டிருந்தேன் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

அப்பாவின் இரண்டாம் வருட நினைவுப் பூசைக்கு ஒரு படம் தேவைப்பட்டது. சென்ற வருடம் வைத்த படத்தில் அவர் அடையாள அட்டைக்கு நிற்பவர் போல நின்றிருந்தார், அதனால் வேறொன்று எடுக்கலாம் என்று ஆல்பங்களை இறக்கினேன். ஏழு ஆல்பங்கள். அப்பா எப்படிச் சிரிப்பார் என்று உனக்கு நினைவிருக்கும். டீமேக்கராக இருந்த நாளில் தேயிலை ஃபெக்டரியில் உருளைகள் ஓடும் சத்தத்துக்கு மேலே அவர் சிரிப்பு கேட்கும் என்பார்கள். ஆல்பத்தில் அந்தச் சிரிப்பு ஒரு படத்தில்கூட இல்லை. எல்லாவற்றிலும் உதடு மூடியிருந்தது. சில படங்களில் என் முழங்கை அவர் விலாவில் இருப்பதும் தெரிந்தது. நான்தான் ஒவ்வொரு முறையும் இடித்தேன். வாழ்நாளெல்லாம் தேயிலையைச் சுவைத்துச் சுவைத்து அவர் பற்கள் கழுவாத கோப்பையின் உட்புறம் போல இருந்தன. அவை படத்தில் வருவது எனக்கு வெட்கமாக இருந்தது. "பல்ல மூடுங்க" என்பேன். "மூடிட்டேன் மேடம்" என்று அவர் மூடிக்கொள்வார். அவர் கேலிக்குத்தான் என்னை மேடம் என்பார். நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளாமலே இருந்துவிட்டேன்.

கொன்வென்டில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கினார்கள். வருடாந்தக் குழுப்படம் எடுக்கும் நாளில் சிஸ்டர் ஒவ்வொருத்தியின் உதடுகளுக்கு நடுவிலும் ஒரு காகிதத் துண்டை வைப்பார். படக்காரர் தயாராகும்வரை அது விழக்கூடாது. விழவிட்டவள் கடைசி வரிசைக்குப் போக வேண்டும். நான் ஒருநாளும் விழவிட்டதில்லை, ஏழு வருடங்களும் முதல் வரிசை. உனக்கும் அதே காகிதத்தை நான் வைத்திருக்கிறேன். முதல் நற்கருணை எடுத்த நாளில், படக்காரர் வரும்வரை நீ காகிதத்தைக் கவ்விக்கொண்டு நின்றாய். அப்பா, "புள்ளைக்கு என்ன தபால்பெட்டி வேலையா குடுத்திருக்க?" என்றார். நீ சிரித்துவிட்டாய், காகிதம் விழுந்தது. நான் புதிதாக ஒன்று கிழித்து வைத்தேன்.

அன்றைக்கு ஏழாவது ஆல்பத்தை மூடும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். உன் கல்யாணப் படத்தில் பல் தெரியச் சிரிக்க வேண்டும். முடிவு எடுத்த பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். என் பற்களும் அப்பாவின் பற்களைப் போலவே ஆகியிருந்தன. எப்போது ஆயின என்று தெரியவில்லை. நான் எனக்காகக் கண்ணாடி பார்க்கும்போது வாயை மூடித்தான் பார்த்திருக்கிறேன்.

ஹட்டனில் ஒரு பெண் பல் டொக்டர் இருக்கிறார், சிங்களப் பிள்ளை, உன்னைவிட இளையவள். பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் பேசிக்கொண்டோம். கல்யாணத்துக்குச் சிரிக்க வேண்டும் என்றேன், அவள் என் வயதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால் எனக்கு அவளைப் பிடித்தது. ஜெல்லை உடனே தரவும் இல்லை. அதனால் இன்னும் பிடித்தது. முதலில் ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள். ஒரு சொத்தை இருந்தது, அதை அடைத்தாள். ஈறுகளைச் சுத்தம் செய்து, அவை ஆற ஒரு வாரம் விட்டாள். சொத்தையோ ஈறுநோயோ இருக்கும்போது இந்த மருந்தைப் போட்டால் பல்லின் உள்ளே போய்க் குத்தும் என்றாள். கடைவாய்ப் பல்லின் மேல் போட்டிருக்கும் தொப்பி உறையும், அடைத்த இடங்களும் நிறம் மாறமாட்டா, சொந்தப் பல் மட்டும்தான் வெளுக்கும் என்பதையும் முன்பே சொன்னாள். பிறகு ஒரு பசையைக் கடிக்கவைத்துப் பல் அச்சு எடுத்தாள். அந்த அச்சில் செய்தவைதான் இந்த ட்ரேக்கள். கண்ணாடி போல மெல்லியவை, என் பற்களுக்கு மட்டும் பொருந்துபவை. பொருந்தாத ட்ரே என்றால் மருந்து வழிந்து ஈறைச் சுடும். கடையில் எல்லோருக்கும் ஒரே அளவில் விற்பதை ஏன் வாங்கக்கூடாது என்பதற்கு அவள் சொன்ன காரணம் இதுதான். இதை நினைவில் வைத்துக்கொள், பிறகு இதற்கு வருவேன்.

வீட்டில் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதித் தந்தாள். முதலில் பல் துலக்க வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் நேராக ட்ரேயின் உட்புறத்தில் ஓர் அரிசி அளவு ஜெல், அதற்கு மேல் வேண்டாம். மாட்டியதும் ஈறுப் பக்கம் வழிவதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். இரண்டு மணி நேரம். அதிக நேரம் வைத்தால் அதிகம் வெளுக்கும் என்று நினைக்கக்கூடாது, பற்கூச்சம்தான் அதிகமாகும். ஜெல்லைப் பிரிட்ஜில் வைக்க வேண்டும். கூச்சம் வந்தால் ஓரிரு நாள் நிறுத்திவிட்டுத் தொடர வேண்டும், நிற்காவிட்டால் அவளிடம் போக வேண்டும். நிறமுள்ள உணவும் பானமும் கூடாது. நான் அந்தத் தாளைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டி, ஒவ்வொன்றையும் அப்படியே செய்தேன். என்றாலும் இரண்டு பிழை விட்டேன். முதல் பிழை, முதல் நாளே ட்ரேயைக் கொதிநீரில் போட்டது. வாயில் வைக்கும் பொருளைக் கொதிநீரில் போடாமல் எனக்கு மனம் கேட்காது என்று உனக்குத் தெரியும், உன் பால் போத்தலை நான் அவிக்காத நாள் இல்லை. எடுத்துப் பார்த்தால் மேல் ட்ரே வாடிய வெற்றிலை போலச் சுருண்டிருந்தது. பஸ் ஏறிப் போய், டொக்டரின் முன் அதைக் கைக்குட்டையிலிருந்து எடுத்து வைத்தேன். "பச்சத் தண்ணியில கழுவச் சொல்லித்தானே டீச்சர் எழுதியிருக்கு?" என்று கேட்டு, அதே அச்சில் வேறொன்று செய்து தந்தாள். தாளின் மறுபக்கத்தில் எழுதியிருந்தது. மறுபக்கத்தைப் பார்க்கச் சொல்லி எத்தனை பிள்ளைகளை அடித்திருக்கிறேன்.

இரண்டாவது பிழை பத்து நாள் நடந்தது. பீட்ரூட்டை விட்டேன், கறித்தூளைக் குறைத்தேன், கோப்பி குடிப்பதை நிறுத்தினேன், சாம்பார்கூட வைக்கவில்லை. வெள்ளைச் சோறும் கிழங்கு பால்கறியும் தயிருமாகச் சாப்பிட்டேன். பத்தாவது நாள் டொக்டர் என் பற்களின் பக்கத்தில் நிற அட்டையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் மாறலியே டீச்சர். ட்ரே கழட்டுனதும் என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமே இல்லியா?" "ஒண்ணுமே இல்ல. தேத்தண்ணி மட்டுந்தான்." அவளும் அவளோடு நின்ற நர்ஸும் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான்கு மணிக்கு ட்ரேயைக் கழற்றி, நான்கு ஐந்துக்குப் பால் விடாமல் ஒரு கோப்பை பிளேன்டீ. அப்போதுதான் பல் நிறத்தை எளிதில் பிடித்துக்கொள்ளுமாம். சத்தியமாகச் சொல்கிறேன் மகன், அது நிறமுள்ள பானம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தேநீர் ஒரு பானம் என்றே எனக்குத் தோன்றவில்லை. தண்ணீரை யாராவது கணக்கில் எடுப்பார்களா? "நீங்க மட்டும் இல்ல டீச்சர், இங்க வர்ற எல்லாரும் இதத்தான் செய்றாங்க. எங்க அம்மாவும் செஞ்சாங்க" என்று டொக்டர் சமாதானம் சொன்னாள்.

அன்றிலிருந்து நான்கு மணிக்கு வெந்நீர் குடிக்கிறேன். அது கடினமாக இருக்கும் என்று நினைக்கவில்லை, இருந்தது. அப்பா போன பிறகும் நான்கு மணிக்குக் கேத்தலை வைப்பேன், இலையைப் போடுவேன், எத்தனை நிமிடம் என்று அவர் சொல்லித்தந்தபடி நிற்பேன். அந்த ஐந்து நிமிடத்தில் வீட்டில் ஒரு வேலை நடப்பது போல இருக்கும். வெந்நீருக்கு நிற்க வேண்டியதில்லை. ஊற்றிக் குடித்துவிட்டால் முடிந்தது, பிறகு பொழுது அப்படியே கிடக்கிறது.

ட்ரே மாட்டியிருக்கும் இரண்டு மணி நேரத்தைப் பற்றியும் உனக்குச் சொல்ல வேண்டும். பேசாமல் இருப்பது சிரமமாக இருக்கும், யாராவது வந்தால் என்ன செய்வது என்று முதல் நாள் கவலைப்பட்டேன். அதற்காக ஒரு சிறு சிலேட்டைக்கூட எடுத்து மேசையில் வைத்தேன். யாரும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. நான்காம் நாள் ட்ரேயைக் கழற்றிவிட்டு யோசித்தபோது, அன்று காலையிலிருந்தே நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று தெரிந்தது. ட்ரே இருந்த நேரத்துக்கும் இல்லாத நேரத்துக்கும் வித்தியாசம் இல்லை. பால்காரன் பாலை மதிலில் வைத்துவிட்டுப் போகிறான். ஸ்டெல்லா தோட்டத்து ஆபீசுக்குப் போய்விடுகிறாள். மூன்று மணிக்குப் பனி இறங்கினால் எதிர்ச் சரிவில் கொழுந்து எடுப்பவர்களும் கண்ணுக்குத் தெரிவதில்லை, சத்தம் மட்டும் வரும். சிலேட்டைப் பதின்மூன்று நாள் வெறுமையாக வைத்திருந்தேன். பதினான்காம் நாள் யாரோ என்னோடு பேச வந்தார்கள். அது நீ, உன் போன். ட்ரேயைக் கழற்றிக் கோப்பையில் போட எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒருநாள் ஒன்றரை மணி நேரம் குறைந்தால் பல் ஒன்றும் ஆகிவிடாது என்று டொக்டர் பிறகு சொன்னாள். இரண்டு மணி நேரம் என்று எழுதியிருந்தது, நான் இரண்டு மணி நேரம் இருந்தேன். அப்படியே வளர்ந்தேன், உன்னையும் அப்படியே வளர்த்தேன்.

இப்போது உன் விஷயம். கல்யாணத்துக்காக நீ இணையத்தில் ஒரு வெண்மையாக்கும் பெட்டி வரவழைத்திருப்பதாக ஷர்மினி ஸ்டெல்லாவிடம் சொல்லியிருக்கிறாள். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் அதைச் சந்தோஷமாகத்தான் சொல்லியிருக்கிறாள், அவள்மேல் கோபப்படாதே. ஆனால் அந்தப் பெட்டியைப் பிரிக்காதே. பிரித்திருந்தால் போடாதே. எலுமிச்சையும் உப்பும் கரியும் தேய்க்காதே, அவை பல்லின் மேற்பூச்சைத் தின்றுவிடும். அந்தப் பெட்டியில் இருக்கும் ட்ரே உன் வாய்க்குச் செய்ததல்ல. அதைவிட முக்கியமாக, உன் மேல்வரிசையில் வலப்பக்கத்து முன்பல் செத்துப்போன பல். வெளியிலிருந்து போடும் ஜெல் அதைச் சரியாக வெளுக்காது. மற்றப் பற்கள் வெள்ளையாகும், அது ஒன்று இப்போது இருப்பதைவிட இன்னும் கறுப்பாகத் தெரியும். அதற்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், வேர்ச் சிகிச்சை செய்ய வேண்டியிருக்கலாம், பிறகு பல் டொக்டரே உள்ளிருந்து வெளுக்க வைக்க முடியும். முப்பது வருடம் ஆனாலும் முடியும். இதை எல்லாம் நான் கேட்டு வைத்திருக்கிறேன். யாருக்காகக் கேட்டேன் என்பதில்தான் மறுபடி ஒரு பொய் சொன்னேன். என்னிடம் படித்த ஒரு பையன் என்றேன். டொக்டர், "அடிபட்ட அன்னிக்கே ஏன் கூட்டிட்டுப் போகல? அம்மா இல்லாத பிள்ளையா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். பரிசளிப்பு விழா அன்று காலை, மண்டபத்தின் பின்படியில் நீ சறுக்கி விழுந்தாய். எட்டு வயது. சீமெந்து விளிம்பில் வாய் அடித்தது. நான் பாடற்குழுவைப் படியேற்றிக்கொண்டிருந்தேன். கைக்குட்டையை நனைத்து உன் வாயைத் துடைத்தேன். பல் ஆடியதை என் விரலால் உணர்ந்தேன். "வாய மூடிக்கிட்டு நில்லு, பாட்டு முடியட்டும்" என்றேன். நீ முதல் வரிசையில் நின்றாய், பாடவில்லை. பாடாததற்கு நான் உன்னை முறைத்தேன். பிறகு எல்லோருமாகப் படம் எடுத்தார்கள். இரத்தத்தை விழுங்கிக்கொண்டு வாயை மூடி நிற்கும் அந்தப் படத்தைப் பார்த்து, எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். விழா நன்றாக நடந்தது என்ற சந்தோஷத்தில் நான்கு நாட்களை விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் உன் உதடு வீங்கி, நீ சோற்றை மெல்லாமல் விழுங்குவதை அப்பாதான் கவனித்தார். எப்போது விழுந்தான் என்று என்னிடம் கேட்டார். நான், "எங்கிட்ட சொல்லவே இல்லைங்க, மறைச்சுட்டான்" என்றேன். அவர் உன்னைப் பார்த்து, "ஏன்டா மறைச்ச? ஒங்கம்மாகிட்டயே மறைப்பியா?" என்று சத்தம் போட்டார். அவர் உன்னிடம் சத்தம் போட்டது அந்த ஒரு முறைதான். நீ என்னைப் பார்த்தாய். வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில், அன்றே கொண்டுவந்திருந்தால் பல்லைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார்கள். அப்பா வரும் வழியெல்லாம் உன்னோடு பேசவில்லை. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறமானது. நீ கையால் வாயை மூடிச் சிரிக்கப் பழகினாய். எங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளை, நல்ல ஒழுக்கம் என்று நான் பெருமைப்பட்டேன். அதை நான் உண்மையிலேயே நம்பியிருக்கிறேன் என்பதுதான் இப்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

போன வியாழக்கிழமை டொக்டரிடம் கடைசி முறை போனேன். நிற அட்டையில் மூன்று படி முன்னேறியிருப்பதாகச் சொன்னாள். எழும்பி வரும்போது, "அந்தப் பையன் என் மகன். அன்னிக்குக் கூட்டிட்டுப் போகாத அம்மா நான்தான்" என்றேன். அவள் என்னை மறுபடி உட்காரவைத்து, உன் பல்லைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் கேட்டு, கொழும்பில் நீ பார்க்கப்போகும் டொக்டருக்கு ஒரு குறிப்பு எழுதித் தந்தாள். இதோடு வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கிறது, முதலில் போய் எக்ஸ்ரே எடு. ஐந்து வாரத்துக்குள் முடியாது என்று சொன்னால் அவசரப்படுத்தாதே. அந்தப் பல்லோடேயே சிரி. கையை மட்டும் வைக்காதே.

திரும்பி வரும்போது நானாவின் கடையில் இறங்கினேன். "டீச்சர், நல்லாத்தான் செஞ்சிருக்காங்க! எங்க கட்டுனீங்க? எங்க வீட்டுல அவங்களுக்கும் ஒரு செட் வேணும்" என்றார். இது என் சொந்தப் பல் நானா என்றேன். நம்பாமல் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவருக்குக் காட்டுவதற்காகச் சிரித்தேன். கடையில் நின்றவர்களும் பார்த்தார்கள். அந்தச் சிரிப்போடு வீட்டுக்கு வந்தேன், கதவைத் திறந்தேன், காட்டுவதற்கு வேறு யாரும் இல்லை. கேத்தலை வைத்துவிட்டு, வெந்நீர்தானே என்று அடுப்பை அணைத்தேன்.

நான் போனில் இதைச் சொல்லவில்லை. போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா, பரவாயில்லம்மா" என்பாய், நானும் அத்தோடு விட்டுவிடுவேன். அதனால் அழைக்காதே. ஸ்டெல்லாவிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். கல்யாணத்துக்கு நான் வருவதை நீ விரும்புகிறாயா என்பது ஒன்று. நான் வர விரும்புகிறேன், அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். மற்றது, அன்றைக்கு நீ மறைக்கவில்லை என்பதை அப்பாவிடம் எப்போதாவது சொன்னாயா என்பது. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நீ அவர் பக்கத்தில் இரண்டு இரவு இருந்தாய், அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் தெரிந்துகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். சொல்லாவிட்டால், நீ அதை இன்னும் வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறாய். இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும் தாங்கிக்கொள்வேன்.

உன் கையெழுத்தில் எழுது. எழுத்துப்பிழை பார்க்கமாட்டேன். தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார், அப்போது நான் வாசலில் இருப்பேன். பதில் எழுது.

அம்மா